ஒரே கணத்தில் அணைந்தவை: பழைய புல்லட்டின் மின்பழுதும் அதன் தோற்றுவாயும்

ஓடிக்கொண்டிருக்கும் பழைய மோட்டார் சைக்கிளில் முன்விளக்கு, ஹாரன், எஞ்சின் ஆகிய மூன்றும் ஒருங்கே அடங்கிப்போவதைத் திடீர்ப் பழுது என்று சொல்வது வழக்கம். ஆனால் அப்பழுதின் தோற்றுவாயைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், பல மாதங்களாகவோ பல ஆண்டுகளாகவோ வளர்ந்துவந்த ஒரு தளர்வின் கடைசிக் கட்டமே அது என்பது தெரியவருகிறது. அத்தளர்வு எந்த இடத்தில் பிறந்தது, எதனால் வளர்ந்தது என்று கேட்பதே முறையான தேடல். நின்றுபோன வண்டியில் முதலில் கைக்குத் தென்படும் பாகத்தை மாற்றுவது தேடலாகாது.

முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவதாகிய திருத்தணியின் மலைப்பாதை இவ்வகைப் பழுதுகளை வெளிக்கொணரும் இயல்புடையது. 365 படிகளை நடந்து ஏறுவோர் ஒருபுறமிருக்க, வண்டியில் வருவோர் வளைந்து ஏறும் சாலையில் குறைந்த வேகத்தில், எஞ்சின் சூடேறிய நிலையில், ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பித் திருப்பி மேலே போகின்றனர். கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது இவ்வூருக்குப் புதிதன்று. சென்னையிலிருந்து திருப்பதிச் சாலையில் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் நேராக ஓடிவந்த வண்டி, அத்தனை தொலைவிலும் காட்டாத குறையை இந்தச் சில வளைவுகளில் காட்டிவிடக்கூடும்; அதற்கான காரணம் வண்டியின் மின்னமைப்பிலேயே இருக்கிறது.

அந்த மின்னமைப்பின் வரலாறு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து தொடங்குகிறது. இந்திய இராணுவத்தின் தேவைக்காக ராயல் என்ஃபீல்டு புல்லட் வாங்கப்பட்டதைத் தொடர்ந்து, அதைத் தயாரித்த ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் பூட்டப்பட்டன, பின்னர் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. அக்காலப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் மேக்னெட்டோ இருந்தது. அதாவது, எஞ்சின் சுழலும்போது தானே பொறியை உண்டாக்கிக்கொள்ளும், பேட்டரியை நம்பாத தனிக் கருவி. அவ்வகை வண்டியில் விளக்கு முழுவதும் செத்தாலும் எஞ்சின் ஓடும். அதற்கு மாறாக, பேட்டரி மின்சாரத்தைக் காயிலுக்கு அனுப்பி, பாயின்ட் எனப்படும் தொடுமுனைகள் விலகும் நொடியில் உயரழுத்தப் பொறியை எழுப்பும் முறை வந்தபோது, விளக்கும் எஞ்சினும் ஒரே ஊற்றிலிருந்து குடிப்பவை ஆயின. மூன்றும் ஒரே கணத்தில் அணையக்கூடிய நிலை இம்மாற்றத்தோடு வந்ததே. (1985 முதல் 1996 வரை வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 இதற்கு நல்ல எதிர்ச்சான்று: அதன் பொறிக்கான மின்சாரம் தனிச் சுருளிலிருந்து வருவதால் பேட்டரி இறந்தும் வண்டி வீடு போய்ச் சேரும்.)

எனவே தேடலின் முதல் கேள்வி, எது எது சேர்ந்து அணைந்தது என்பதாகும். ஹாரனும் விளக்கும் வேலை செய்ய, எஞ்சின் மட்டும் நின்றிருந்தால் குறை காயில், பாயின்ட், பாயின்ட்டில் பொறி தெறிக்காமல் காக்கும் கன்டென்சர் ஆகியவை உள்ள கிளையில் இருக்கிறது. எஞ்சின் சூடானபின் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால் காயில் அல்லது கன்டென்சர் மீது ஐயம் வலுக்கிறது. எல்லாம் சேர்ந்து அணைந்திருந்தாலோ கிளைகளைத் தொட வேண்டியதே இல்லை. அவை பிரிவதற்கு முன்னுள்ள பொது வழியில், அதாவது பேட்டரி முனை, ஃபியூஸ், ஆம்ப் மீட்டர், சாவி ஸ்விட்ச், எர்த் ஆகியவற்றுள் ஒன்றில்தான் குறை இருந்தாக வேண்டும். பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைத்து, மின்சாரம் திரும்பிவரும் பாதையாக அச்சட்டத்தையே பயன்படுத்துவது எர்த் எனப்படுகிறது. இன்னொரு கேள்வியும் கேட்கத்தக்கது: அணைவதற்குச் சற்று முன் விளக்குகள் வழக்கத்துக்கு மீறிப் பளிச்சிட்டனவா? ஆம் எனில், பேட்டரி இணைப்பு அறுந்து, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் தாங்குவாரின்றி உயர்ந்து பல்புகளைச் சுட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

இத்தேடலில் புல்லட்டுக்கு வாய்த்த சாட்சி, முன்விளக்குக் கூட்டின் மேற்புறத்தில் அமர்ந்திருக்கும் ஆம்ப் மீட்டர் ஆகும். பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, அதிலிருந்து வெளியே வருகிறதா என்பதைக் காட்டும் இக்கருவியைப் பழைய ஓட்டிகள் கிக் செய்வதற்குமுன் பார்த்துக்கொள்வார்கள்: சாவியைப் போட்டதும் பாயின்ட் ஒட்டியிருந்தால் முள் இடப்புறம் சரியும், கிக்கரை மெல்ல அழுத்தி பாயின்ட் விலகும் இடத்துக்குக் கொண்டுவந்தால் முள் நடுவுக்குத் திரும்பும். நின்றுபோன வண்டியிலும் இதே சோதனை பேசுகிறது. முள் அசையவே இல்லை எனில் மின்சாரம் அதுவரை வந்து சேரவில்லை, அல்லது சாவி ஸ்விட்ச் அதை அப்பால் விடவில்லை. சரிந்த முள், பாயின்ட் விலகிய பின்னும் திரும்பாது நின்றால் கன்டென்சரோ பாயின்ட்டுக்குச் செல்லும் வயரோ சட்டத்தோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. வண்டியின் மின்சாரம் முழுவதும் தன் வழியே போவதால் ஆம்ப் மீட்டரின் பின்புற நட்டுகள் அதிர்வில் தளர்ந்து, அதுவே பழுதின் தோற்றுவாய் ஆவதும் உண்டு. அதற்காக அதைக் கழற்றிவிட்டு இரு வயர்களையும் முறுக்கி ஒன்றாக்குவது, சாட்சியை ஊமையாக்கும் செயலே என்பதால் ஏற்கத்தக்கதன்று. நட்டை முறுக்கி வாஷர் போடுவது போதுமானது.

பழைய 6 வோல்ட் வண்டிகளில் தளர்வின் கேடு ஏன் பெரிது என்பதைக் கணக்கே காட்டிவிடும். 36 வாட் பல்பு ஒன்றுக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் தேவை, 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். துருப்பிடித்த இணைப்பு ஒன்று 0.2 ஓம் தடையை வழியில் வைத்துவிட்டால், 12 வோல்ட் வண்டி இழப்பது 0.6 வோல்ட்டுக்கும் குறைவு. 6 வோல்ட் வண்டியோ ஏறத்தாழ 1 வோல்ட்டை, அதாவது ஆறில் ஒரு பங்கை இழக்கிறது, வெளிச்சமும் பாதியளவுக்கு இறங்குகிறது. இழந்த அந்த ஆற்றல் இணைப்பிலேயே சூடாகி, பித்தளை முனையைக் கருக்கி, தடையை மேலும் கூட்டுகிறது. மங்கிய விளக்கைப் பேட்டரியின் முதுமை என்று எண்ணிப் பல மாதங்கள் ஓட்டிய வண்டிகள் ஒரு நாள் முற்றாக அணைவது இவ்வாறே. வண்டியைப் புதுப்பிப்போர் சட்டத்துக்குப் பளபளப்பாகப் பெயின்ட் அடித்து, எர்த் வயரை அப்பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டு முறுக்குவதும் இதே விளைவைத் தருகிறது. போல்ட் அமரும் இடத்தில் இரும்பு தெரியும்வரை சுரண்டியாக வேண்டும்.

குறை இருக்கும் இடத்தைக் கண்டறிய மல்டிமீட்டரைவிட டெஸ்ட் லேம்ப் நம்பத்தக்கது. பல இழைகளுள் ஒன்று மட்டுமே மிஞ்சிய வயரிலும் மல்டிமீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும், ஏனெனில் அது இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். பெரிய பல்பு பூட்டிய டெஸ்ட் லேம்ப்போ உண்மையான சுமையை ஏற்றுவதால் அந்த வயரில் மங்கிவிடும். பல்பின் ஒரு வயரைப் பேட்டரியின் எர்த் முனையிலேயே பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஆம்ப் மீட்டர், சாவி ஸ்விட்ச் என வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனால், வெளிச்சம் நிற்கும் இடத்துக்கும் அதற்கு முந்திய இடத்துக்கும் நடுவில் பழுது அகப்படும். அவை எல்லாவற்றிலும் பல்பு நன்றாக எரிந்தால், பேட்டரியின் மறுமுனைக்கும் சட்டத்துக்கும் இடையே அதே பல்பைப் பிடித்து எர்த்தைச் சோதிக்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்ட நேர்ந்தால் எந்த முனை எர்த் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்; பழைய பிரித்தானிய அமைப்புகளில் பிளஸ் முனையே எர்த் ஆக இருந்தது, மாற்றி மாட்டினால், மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் கருகிவிடும்.

மலைவளைவுக்கே உரிய பழுது இச்சோதனையிலும் சில வேளை தப்பிவிடுகிறது, ஏனெனில் வண்டி நேராக நிற்கும்போது எல்லா இடத்திலும் பல்பு எரியும். பெட்ரோல் டேங்கின் அடியிலிருந்து முன்விளக்குக் கூட்டுக்குள் நுழையும் வயர்க்கட்டு, ஹேண்டில்பார் திரும்பும் ஒவ்வொரு முறையும் சட்டத்தின் கழுத்தருகே மடங்கி நிமிர்கிறது. மேலுறை முழுமையாக இருக்க, உள்ளே செப்பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுகின்றன. நெடுஞ்சாலையில் ஒட்டிக்கொண்டே வந்த முனைகள் கொண்டை வளைவில் பிரிகின்றன. டெஸ்ட் லேம்ப்பைச் சாவி ஸ்விட்ச்சில் பிடித்தபடியே ஹேண்டில்பாரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகத் திருப்ப, பல்பு கண்சிமிட்டும் கோணத்தில் அது பிடிபடும். அறுந்த இடத்தை வெட்டி நீக்கிப் புது வயர்த் துண்டைச் சால்டர் செய்யும்போது, இணைப்பு கழுத்தின் மடிப்பில் விழாமல் டேங்கின் அடியில் அமையுமாறு பார்த்து, ஹேண்டில்பார் கடைசிவரை திரும்பினாலும் இழுபடாத அளவுக்கு வயரில் தொய்வு விட்டு, அந்தப் பகுதியில் டேப் சுற்றி இறுக்காமல் விடுவது முறை.