ஊடை நூலின் வழியே

துணியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் சில, அது நெய்யப்படுவதைவிட அறுக்கப்படுவதையே முன்னிறுத்துகின்றன. அறு என்னும் வினையடியாக அறுவை என்னும் பெயரும், துணித்தல் என்னும் வினையடியாகத் துணி என்னும் பெயரும் பிறந்தன; ஆடை விற்பனை அறுவை வாணிகம் எனப்பட்டதற்குச் சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனாரின் பெயரே சான்றாக நிற்கிறது. தறியிலிருந்து தொடர்ச்சியாக இறங்கும் நெசவு, ஒருவர் கேட்ட அளவில் துணிக்கப்படும்போதுதான் அவருடையதாகிறது என்பதால், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான நியாயம் அந்த ஒரு வெட்டில் அடங்கிவிடுகிறது. அந்த நியாயத்தை மீட்டர் கோல் ஒன்றே காத்துவிடும் என்று பலரும் நம்புகின்றனர். ஆனால் கோல் பிழையின்றி இருந்தும் துணி குறைவதைத் தையற்காரர்கள் வெட்டு மேசையில் அன்றாடம் காண்கின்றனர்.

கோலைப் பற்றிய சட்டம் தெளிவானது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவு இந்தியாவில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இப்போது நடப்பில் உள்ள 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, விற்பனைக்குப் பயன்படும் கோல் அரசு முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் அந்தப் பணியைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் செய்கின்றனர். கஜத்துக்கும் மீட்டருக்கும் இடையே ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு என்பதையும், ஒன்பது கஜப் புடவை என்பது 8.2 மீட்டர் அளவே என்பதையும் நினைவில் வைத்தால் பேச்சில் எழும் குழப்பம் தீரும். கோலால் தீராத குழப்பம் துணியின் உள்ளே இருக்கிறது.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல் பாவு என்றும், அதனூடே குறுக்காகப் பாயும் நூல் ஊடை என்றும், ஊடை திரும்பும் இரு ஓரங்கள் கரை என்றும் வழங்கும். பாவும் ஊடையும் செங்கோணத்தில் சந்திக்கும் துணியே நேரான துணி. கடையில் துணிச்சுருளின் முனை, முன்பு வாங்கிச் சென்றவருக்காகக் கத்தரித்த கோணத்திலேயே நிற்கிறது. ஒருவருக்குக் கோணலாக வெட்டப்பட்டதை அடுத்தவர் பெற்றுக்கொள்கிறார். 36 அங்குலப் பன்னா, அதாவது அகலம், கொண்ட ரவிக்கைத் துணியின் முனை ஒரு கரையைவிட மறுகரையில் 5 சென்டிமீட்டர் பின்வாங்கியிருப்பதாகக் கொள்ளலாம். ஒரு கரையோரமாக 80 சென்டிமீட்டர் அளந்து, அதே சாய்வில் கத்தரித்தால், இரு கரைகளையும் தனித்தனியே அளக்கும்போது 80 சரியாகவே வரும். ஆனால் அதிலிருந்து எடுக்கக்கூடிய செவ்வகம் 75 சென்டிமீட்டர் நீளம் மட்டுமே. யாரும் பொய் சொல்லவில்லை, கோலும் குறையவில்லை, எனினும் கைக்கு வேண்டிய துணி போய்விட்டது. எனவே அளப்பதற்கு முன் முனையை நேராக்கக் கேட்பதே வாங்குபவரின் முதல் உரிமை. அப்படிக் கேட்பதைக் கடைக்காரரின் நேர்மைமீது கொண்ட ஐயமாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நேராக்குவதற்குப் பழைய கடைகள் கையாண்ட வழி, கரையில் சிறு வெட்டு வைத்துக் கையால் கிழிப்பது. பருத்தித் துணி கிழியும்போது ஒரே ஊடை நூலின் வழியே பிளந்து செல்வதால், கத்தரிக்கோலின் ஊகத்துக்கு அங்கே இடமில்லை. கிழித்த துண்டு சில வேளை மேசையில் சாய்ந்து தெரிவதால் வாங்குபவர் முகம் சுளிப்பதுண்டு. உண்மையில் அந்தச் சாய்வு வெட்டின் குற்றமன்று, பதனிடும் ஆலையில் துணி இழுபட்டு ஊடை நகர்ந்ததன் விளைவு. அத்தகைய துணியை எதிரெதிர் மூலைகளில் பிடித்து இழுத்தால் நூல்கள் தம் இடத்துக்குத் திரும்பி, முழு அளவுள்ள செவ்வகம் கிடைக்கும். அதையே கத்தரிக்கோலால் கண்ணுக்கு நேராக வெட்டினால், கடையில் அழகாகத் தெரிந்த துண்டு துவைத்தபின் சாய்கிறது; சல்வாரின் பக்கத் தையல் முழங்காலுக்கு முன்னே முறுக்கிக்கொண்டு வருவதற்கும், பழி தையற்காரர்மீது விழுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

கிழிப்பது எல்லாத் துணிக்கும் பொருந்தாது. பட்டில் ஓர் ஊடை நூலை உருவி, அது விட்டுச்செல்லும் மெல்லிய தடத்தில் கத்தரிப்பதே முறை. கட்டம் போட்ட துணியில் குறுக்குக்கோடே ஊடையாக இருப்பதால் அதைப் பின்பற்றினால் போதும். அச்சிட்ட துணியில்தான் இக்கட்டு மிகுதி: பூவரிசை ஊடைக்குச் சாய்வாக அச்சாகியிருந்தால், நூலைப் பின்பற்றினால் பூ சாயும், பூவைப் பின்பற்றினால் உடை முறுக்கும், அத்தகைய துணியை வாங்காமல் விடுவதே நல்லது. பின்னலாடைத் துணிக்குப் பாவும் ஊடையும் இல்லை என்பதால் கிழிக்கும் பேச்சே எழாது. திருப்பூரில் அது கிலோ கணக்கில் விற்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

நீளத்தைப் போலவே பன்னாவும் விலையின் பகுதி. முழுக்கைச் சட்டைக்கு 36 அங்குலப் பன்னாவில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் வேண்டும். 58 அங்குலத்தில் 1.6 மீட்டர் போதும். கரையை விட்டு உள்ளகலத்தையே கணக்கில் கொள்ள வேண்டும் என்பது புதிய கருத்தன்று. 1215ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் ஏற்ற மாக்னா கார்ட்டா சாசனமே துணியின் அகலத்தைக் கரைகளுக்கு உட்பட்ட அளவாக வரையறுத்தது. அளக்கும்போது துணியை விறைப்பாக இழுக்காமல் மேசையில் கிடத்தி அளப்பதும், சுருங்கும் பருத்தியில் அதற்கெனக் கூட்டி வாங்குவதும் இன்றியமையாதவை. நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும் துணியில் இரண்டரை மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் போய்விடும்.

அளந்தபின் இரண்டு விரற்கடை கூட்டி வெட்டும் வழக்கம் பல கடைகளில் உண்டு, வாங்குபவரும் அதைத் தாராளம் என்று மகிழ்கிறார். கூர்ந்து நோக்கினால் அது கோணல் வெட்டுக்கு முன்கூட்டியே தரப்படும் ஈடு. பல வேளை ஈடாகப் போதாததும்கூட. முனையை நேராக்கும்போது விழும் ஆப்பு வடிவத் துண்டை யார் ஏற்பது என்ற கேள்விக்கு, கடையே ஏற்க வேண்டும் என்பதே முறையான விடை. ஒவ்வொரு வெட்டும் நூலின்படி விழுந்தால் சுருளின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் அந்த இழப்பு நேரும், அதன்பின் எவருக்கும் ஆப்பு விழாது.

தேர்ந்த தையற்காரர், துணி கைக்கு வந்தவுடன், கொண்டுவந்தவர் நிற்கும்போதே கரையோடு கரை சேர்த்து மடித்து, வெட்டுமுனைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார். பொருந்தாவிடில் ஓர் ஊடை நூலை உருவிக் காட்டி, நேராக்கியபின் எஞ்சும் அளவை அவர் முன்னிலையிலேயே அளந்து அளவு நோட்டில் எழுதியபிறகே, கை எவ்வளவு நீளம் வரும் என்று சொல்கிறார்.