நிலம் பார்த்து நட

“பொம்பிளைப்பிள்ளை நிலம் பார்த்து நடக்கவேணும்.” சிறுவயதில் என் அம்மம்மா எனக்குச் சொன்ன புத்திமதிகளில் அடிக்கடி கேட்டது இதுதான். நிமிர்ந்து நடந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் அவருக்கு. பின்னர் அதே சொற்களை என் அம்மா சொன்னார். அப்போது அதன் கருத்து முற்றாக மாறிவிட்டிருந்தது. இப்போது ஐந்து வயதான என் மகள், யாரும் சொல்லாமலேயே நிலம் பார்த்து நடக்கிறாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்பதை அண்மையில்தான் அறிந்துகொண்டேன். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தில், பளைப் பக்கமாக, கண்டி வீதியிலிருந்து இறங்கும் மணல் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. தென்னைக்குப் பெயர்போன மண். ஒரு பக்கம் போனால் முகமாலை, மறுபக்கம் போனால் ஆனையிறவு. இந்த இரண்டு பெயர்களையும் சொன்னாலே, எங்கள் வளவு எத்தனை தடவை சண்டைக்கு நடுவில் அகப்பட்டிருக்கும் என்பது வாசிக்கும் சகோதரிகளுக்கு விளங்கிவிடும். 2000ஆம் ஆண்டு ஆனையிறவுச் சண்டையோடு ஒருமுறை வெளிக்கிட்டோம். 2002இல் போர்நிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்தபோது திரும்பினோம். 2006 ஆகஸ்டில் முகமாலையில் மீண்டும் சண்டை மூண்டு, வீதி மூடப்பட்டபோது மறுபடியும் மூட்டை கட்டினோம். வன்னியெங்கும் அலைந்து, நலன்புரி நிலையத்தில் இருந்து, 2011இல்தான் எங்கள் காணியைத் திரும்பவும் கண்டோம். கிணறும், வீட்டின் அத்திவாரமும், தலையில்லாத நான்கு பனைகளும் எங்களுக்காக நின்றன.

அம்மாவின் சொல்லுக்கு வேறு கருத்து வந்தது 2002இல். திரும்பி வந்த சில மாதங்களில், பனம்பழக் காலத்தில், என் தம்பி வேலிக்கு அப்பால் விழுந்து கிடந்த பழத்தைப் பொறுக்கப் போனான். அவனுக்கு ஒன்பது வயது. மிதிவெடி அவனுடைய வலது பாதத்தை எடுத்துக்கொண்டது. இன்று அவன் செயற்கைக் காலுடன் சைக்கிள் திருத்தும் கடை வைத்து, மூன்று பிள்ளைகளையும் வளர்க்கிறான். ஆனால் அன்றைய நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் நிலத்தைப் பழையபடி பார்த்ததில்லை. “நிலம் பார்த்து நட பிள்ளை” என்று அம்மா சொன்னால், அது உயிர் காக்கும் வார்த்தை.

இறுதியாக நாங்கள் வந்தபோது காணி துப்புரவாக்கப்பட்டிருந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு எங்கள் பகுதிப் பெண்கள் பலர் போனார்கள். குடும்பத்தைத் தனியே சுமந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். என் மச்சாளும் சில வருடங்கள் போனாள். முகத்துக்குக் கவசம், உடம்பில் கனமான அங்கி, கொளுத்தும் வெயில். முழங்காலில் இருந்தபடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வறண்டிப் பார்ப்பது அவர்கள் வேலை. “நிண்டு பாத்தால் புல்லுத்தான் தெரியும் மச்சாள். முழங்காலில இருந்தால்தான் நிலம் தெரியும்” என்று அவள் ஒருநாள் சொன்னாள். அதன் முழுக் கருத்தும் எனக்கு அன்று விளங்கவில்லை.

காணி துப்புரவு என்று கடிதம் தந்துவிட்டார்கள். மனம் துப்புரவாகவில்லை. படலையிலிருந்து வாசல், வாசலிலிருந்து குசினி, குசினியிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து மலசலகூடம். இந்த நான்கு பாதைகளில்தான் நான் வருடக்கணக்காக நடந்தேன். மிச்ச நிலத்தில் கன்று நட்டேன், தண்ணீர் ஊற்றினேன். ஆனால் ஒருநாளும் ஆறுதலாக நின்றதில்லை. 2014 மார்ச்சில் யாழ்தேவி பளை வரைக்கும் வந்தபோது ஊரே கூடிப் பார்த்தது. கல்வீடு வந்தது, மின்சாரம் வந்தது. என் கால்களோ அந்த நான்கு பாதைகளை விட்டு விலகவில்லை. மூத்தவனையும் அப்படித்தான் வளர்த்தேன். அவன் வளவுக்குள் ஓடினால் என் நெஞ்சு பதறும்.

சின்னவள் வித்தியாசமானவள். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மூத்தவனின் இணையவழி வகுப்புக்காகக் கடன்பட்டு ஒரு கைத்தொலைபேசி வாங்கியிருந்தோம். இப்போது அதன் கண்ணாடி வெடித்து, ஓரத்தில் ஒட்டுநாடா சுற்றியிருக்கிறது. அவர் மேசன் வேலைக்குப் போய், நான் குசினிக்குள் நிற்கும் நேரங்களில் அது சின்னவளின் கைக்குப் போய்விடும். ஒருநாள் இடம் நிரம்பிவிட்டதென்று அது அறிவித்தது. அழிப்பதற்காகத் திறந்தேன். தொண்ணூறுக்கு மேற்பட்ட படங்கள். எல்லாம் அவள் எடுத்தவை.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அழிக்கும் விரல் நின்றுவிட்டது. பூசணி இலை ஒன்றைக் கீழேயிருந்து எடுத்திருந்தாள். காலை வெயில் இலைக்கூடாக வந்து, நரம்பெல்லாம் ஒளி பாய்ந்திருந்தது. கொடியில் காய்ந்த என் பழைய சேலை ஒரு வானத்தைப் போல விரிந்திருந்தது. கோழியின் கால்கள் மட்டும் ஒரு படத்தில். அம்மாவின் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த பூனை. கிணற்றுக் கட்டின் வெடிப்புக்குள் முளைத்த ஆலங்கன்று. தலையில்லாத பனையை அடியிலிருந்து எடுத்திருந்தாள். அதன் பக்கத்தில் முளைத்த வடலி ஒன்று அந்தப் பனையை விட உயரமாகத் தெரிந்தது. நானும் சில படங்களில் இருந்தேன். வெடித்த குதிக்கால்கள், ஈரமான பாவாடைக் கரை, ஈர்க்குமாறு பிடித்த கை. என் முகம் ஒரு படத்திலும் இல்லை.

ஐந்து வயதுப் பிள்ளையின் கண் நிலத்திலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் அவளுக்கு அம்மா என்றால் அவ்வளவுதான் தெரிகிறது. என் முகம் அவளிடம் எத்தனை தடவை இறங்கி வந்திருக்கிறது என்று யோசித்தேன். கண்கள் நிறைந்துவிட்டன.

அடுத்த நாள் காலை அவளைக் கேட்டேன், “பிள்ளை, எங்க படம் எடுத்தனீங்கள்? அம்மாவுக்கும் காட்டுங்கோ.” அவள் என் கையைப் பிடித்து, வீட்டுத் தாழ்வாரத்தின் ஓரமாக, என் பாதைகள் எதுவும் போகாத இடத்துக்குக் கூட்டிப் போனாள். “இருங்கோ அம்மா, நிண்டால் தெரியாது” என்றாள். மச்சாள் சொன்ன அதே வார்த்தை. முழங்காலில் இருந்தேன்.

மழை படாத அந்தப் புழுதியில் சின்னச் சின்னக் கிடங்குகள், புனல் மாதிரி. “இது ஆர் அம்மா கிண்டினது?” என்று கேட்டாள். மண்ணுக்குள் ஏதோ புதைந்திருக்கிறது, கால் வைப்பதற்காகக் காத்திருக்கிறது என்ற நினைப்பில் என் உடம்பு ஒருமுறை குளிர்ந்தது. பிறகுதான் அது குழியானை என்று ஞாபகம் வந்தது. சிறுவயதில் நானும் இதைப் பிடித்து விளையாடியிருக்கிறேன். ஓர் எறும்பு விளிம்பில் சறுக்கியது. கீழேயிருந்து மண் விசிறியது. மகள் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் புழு வளர்ந்து, தும்பி போல மெல்லிய செட்டை முளைத்துப் பறந்துபோகும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

பிறகு தேசி மரத்தடிக்குப் போனோம். அந்த மரத்தில் புழு கண்டால் நான் இலையோடு முறித்துப் போட்டுவிடுவேன். அவளோ அவற்றை நாளுக்கு நாள் படமெடுத்திருந்தாள். சின்னதில் பறவை எச்சம் போலவே இருக்கும். பார்க்கும் குருவி ஏமாந்துபோகும். பெருத்ததும் இலைப் பச்சை. தொட்டால் தலையிலிருந்து சிவந்த கொம்பு ஒன்றை நீட்டி மணம் விடும். பின்னர் கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாக வெளியே வரும். தேசி, தோடை, கறிவேப்பிலை மூன்றிலும் இந்த இனம் முட்டையிடும். பத்து இலை போனால் போகட்டும் என்று அன்று விட்டுவிட்டேன்.

என் சிறுவயதுப் படங்கள் எல்லாம் இடம்பெயர்வுகளில் போய்விட்டன. ஒன்றுதான் மிஞ்சியது. வெளிநாடு போன சித்தப்பா தன்னிடம் இருந்ததைப் பிரதி எடுத்து அனுப்பினார். அதில் எனக்கும் ஐந்து வயது. இதே வளவில், செவ்வரத்தை மரத்துக்கு முன்னால் நிற்கிறேன். எடுத்தவர் நின்றபடி எடுத்திருக்கிறார். அதனால் என் தலையும், வெயிலுக்குச் சுருங்கிய கண்களும், வெறும் மண்ணும் மட்டும் விழுந்திருக்கின்றன. நான் அந்த நேரம் பார்த்துக்கொண்டிருந்த வளவு அதில் இல்லை. அது எப்படி இருந்தது என்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை. என் மகளின் வளவு அப்படித் தொலைந்துவிடக் கூடாது என்று எண்ணினேன்.

பயத்தை நான் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். மிதிவெடிகளைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அகற்றும் வேலை அதன் பிறகும் வருடக்கணக்கில் தொடர்ந்தது. ஆகவே மகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வேலிக்கு வெளியே, பற்றைக்குள், சிவப்புப் பலகை நட்ட பக்கம் போகக்கூடாது. தெரியாத இரும்போ, பிளாஸ்டிக்கோ, வயரோ கண்டால் தொடக்கூடாது, படமெடுக்கவும் கிட்டப் போகக்கூடாது. அந்த இடத்திலேயே நின்று, சத்தம் போட்டுக் கூப்பிடவேண்டும். பெரியவர்கள் கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவிக்கவேண்டும். இவற்றை அவள் முன்பள்ளிப் பாட்டைப் போல ஒப்புவிப்பாள். மாமாவின் காலை அவளும் பார்த்து வளர்கிறாள்தானே. ஆனால் துப்புரவான எங்கள் சொந்த நிலத்தையும் அவளுக்கு மறுத்தால், மிஞ்சியதையும் நாமே வெடிகளுக்குக் கொடுத்ததாகிவிடும்.

வாசிக்கும் தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் பழைய கைத்தொலைபேசி இருந்தால் ஒருநாள் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். கண்ணாடியைப் பருத்தித் துணியால் துடைத்துக் கொடுங்கள். காலை ஏழு மணி வெயிலும் பின்னேர வெயிலும் நல்லது. உச்சி வெயிலில் நிழல் கறுத்துவிடும். பூவுக்கு மிகக் கிட்டப் பிடித்தால் படம் மங்கும், நாலைந்து அங்குலம் விலக்கிப் பிடிக்கவேண்டும். கைத்தொலைபேசியைத் தலைகீழாகப் பிடித்தால் கமெராவின் கண் நிலத்தோடு வந்துவிடும். எறும்பு மாடு போலத் தெரியும். பிள்ளையை நீங்கள் எடுப்பதானால் குந்தியிருந்து எடுங்கள். சிரி என்று சொல்லாதீர்கள். அவள் பார்ப்பதையும் சேர்த்து எடுங்கள். கைத்தொலைபேசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையின் பக்கத்தில் குந்தியிருப்பதற்குக் காசு தேவையில்லை.

கைத்தொலைபேசி ஒருநாள் பழுதாகிவிடும். ஆகவே கையில் கொஞ்சம் காசு வந்தபோது, ஸ்ரூடியோவில் கொடுத்து இரண்டு படங்களைத் தாளில் எடுத்தேன். ஒன்று பூசணி இலை. மற்றது, அவள் சொல்லித்தந்தபடி அம்மா எடுத்தது: நானும் மகளும் குழியானைக் கிடங்குக்கு முன்னால் முழங்காலில் இருக்கிறோம், இரண்டு முகமும் ஒரே உயரத்தில். பின்பக்கத்தில் ஆண்டையும் ஊரையும் எழுதினேன்.

எங்கள் எல்லோரிடமும் ஒரு பை இருக்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் பொலித்தீனில் சுற்றி, ஓடும்போது முதலில் தூக்கும் அந்தப் பை. என்னுடையதில் அந்த இரண்டு படங்களையும் வைத்திருக்கிறேன்.

கிணற்றடிக்கும் தேசி மரத்துக்கும் இடையில் இப்போது புல் தேய்ந்து ஐந்தாவது பாதை ஒன்று விழுந்திருக்கிறது. அம்மா திண்ணையில் இருந்தபடி அதைப் பார்த்துவிட்டு, “நிலம் பார்த்து நட பிள்ளை” என்று பேத்தியிடம் சொல்கிறார். “பாத்துக்கொண்டுதான் போறன் அம்மம்மா” என்கிறாள் அவள்.