நேதாஜி எப்படி இறந்தார்? தீக்காயம் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

"டாக்டர், நேதாஜி நெசமாவே பிளேன் விபத்துலதான் செத்தாரா?"

தேவிபட்டினம் பக்கம் மருத்துவம் பார்த்தால் சுகர், பிரஷர் சந்தேகங்களோடு இந்தச் சந்தேகமும் வரும். பெரியவர்கள் விளையாட்டுக்குக் கேட்பதில்லை.

காரணம் இருக்கிறது மக்களே. இந்தக் கரையிலிருந்து பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் ஏராளம். 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் கேட்டபோது, ரப்பர் தோட்டத் தமிழர்கள் திரண்டு சேர்ந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லட்சுமி, சிங்கப்பூரில் நடத்தி வந்த கிளினிக்கை விட்டுவிட்டு ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். நம்ம பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரோ, நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று போருக்குப் பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சரி, 1945 ஆகஸ்ட் 18க்கு வருவோம்.

ஜப்பான் சரணடைவதாக அறிவித்து மூன்று நாள். தைவானின் தைஹோகு விமான தளம் (இன்றைய தைபே). மதியம் கிளம்பிய ஜப்பானிய குண்டுவீச்சு விமானம் மேலே ஏறும்போதே விழுந்து தீப்பிடித்தது. நேதாஜியின் உடை பெட்ரோலில் நனைந்திருந்தது. தீயைத் தாண்டித்தான் வெளியே வரவேண்டியிருந்தது. கூட இருந்த கர்னல் ஹபீபுர் ரஹ்மான் தன் கைகளும் வெந்துபோக அணைத்தார்.

ராணுவ மருத்துவமனையில் பார்த்தவர் டாக்டர் யோஷிமி. உடல் முழுக்க மூன்றாம் நிலைத் தீக்காயம் என்பது அவர் சாட்சியம். நேதாஜி பேசினார், தண்ணீர் கேட்டார். இரவு 9 மணிக்கு மேல் உயிர் பிரிந்தது. வயது 48.

இங்கேதான் பலருக்கு இடிக்கிறது. "நல்லாப் பேசிட்டு இருந்த மனுஷன் ஆறேழு மணி நேரத்துல எப்படி சார் போவாரு?"

போவார். தீக்காய வார்டில் வேலை பார்த்த எவரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

தோல் முழு ஆழத்துக்கு வெந்தால் அங்குள்ள நரம்பு நுனிகளும் கருகிவிடும். அந்த இடத்தில் வலி குறைவு. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் தெளிவாகப் பேசுவார். உறவினர்கள் "பேசுறாரே, பிழைச்சுக்குவாரு" என்பார்கள். ஆனால் உள்ளே ரத்தக்குழாய்கள் சல்லடை மாதிரி ஒழுக ஆரம்பித்திருக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி, பிரஷர் இறங்கி, சிறுநீரகம் சுருண்டு, இதயம் திணறும். அடங்காத தாகமே இதன் அறிகுறிதான்.

இன்று நாங்கள் போடும் பார்க்லேண்ட் கணக்குப்படி, 70 கிலோ எடை, 80 சதவீதக் காயம் என்று வைத்துக்கொண்டாலும், முதல் 24 மணி நேரத்தில் 22 லிட்டருக்கு மேல் திரவம் ஏற்ற வேண்டும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்திலேயே! இந்தக் கணக்கு வந்ததே 1960களில்தான். தோற்றுப்போன ராணுவத்தின் மருத்துவமனையில் 1945இல் என்ன இருந்திருக்கும்? மருந்து தடவிக் கட்டுப் போட்டார்கள், இதயத்துக்கு ஊசி, கொஞ்சம் திரவம், கொஞ்சம் ரத்தம். வயதையும் வெந்த சதவீதத்தையும் கூட்டி 100 தாண்டினால் பிழைப்பது அரிது என்பது பழைய கணக்கு. இவருக்கு 128.

மருத்துவமாகப் பார்த்தால் எனக்கு இந்த மரணத்தில் மர்மம் தெரியவில்லை. மர்மத்தை உண்டாக்கியது காகிதம். இறந்தபின் முகத்தைப் படம் எடுக்கவில்லை, தகனப் பதிவில் அவர் பெயர் இல்லை. 1956 ஷா நவாஸ் குழு விபத்தை ஏற்றது. குழுவில் இருந்த நேதாஜியின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸே அதில் கையெழுத்துப் போடவில்லை. 1974இல் கோஸ்லா கமிஷனும் ஏற்றது. 2005இல் முகர்ஜி கமிஷன் மறுத்தது, அதை அரசு ஏற்கவில்லை. இத்தனை குழப்பத்தில் ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை.

அதிலும் இந்த ஊர்க்காரர்கள். என்னிடம் வரும் ஒரு பாட்டியின் அப்பா பர்மாவுக்குப் போய்ப் படையில் சேர்ந்தவர். திரும்பவில்லை. இம்பால் போய்ப் பின்வாங்கிய அந்தப் படையில் குண்டைவிட பசியும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொன்றவர்களே அதிகம். அவர்களில் எத்தனையோ பேருக்குக் குழி கூடக் கிடையாது.

"எங்கம்மா சாகுற வரைக்கும் தாலியக் கழட்டல தம்பி. செத்த தேதி தெரியாட்டி அமாவாசைக்குக் குடுக்கலாம்பாங்க. செத்தாரான்னே தெரியலையே, எப்படிக் குடுக்குறது?"

நவபாஷாணக் கடலில் எள்ளும் தண்ணியும் விட எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். பக்கத்திலேயே இருந்தும் அந்த அம்மா ஒருநாளும் கடலில் இறங்கவில்லையாம். நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்றால் அவரோடு போனவரும் எங்கேயோ இருக்கலாம் அல்லவா? அந்த நம்பிக்கையை நான் எக்ஸ்ரே மாதிரி தூக்கிப் பிடித்துப் பார்க்க மாட்டேன்.

ஆனால் இன்னொரு மகளும் இருக்கிறார். வியன்னாவில் 1942 நவம்பரில் பிறந்த அனிதா. நேதாஜியின் ஒரே பிள்ளை. அவருக்கு மூன்று மாதம் ஆவதற்குள் அப்பா நீர்மூழ்கிக் கப்பலேறிக் கிழக்கே போய்விட்டார். அப்பா விபத்தில்தான் இறந்தார் என்று அனிதா ஏற்றுக்கொண்டவர். டோக்கியோவின் ரென்கோஜி கோயிலில் 1945 முதல் பாதுகாக்கப்படும் சாம்பலை இந்தியாவுக்குக் கொண்டுவாருங்கள், சந்தேகம் இருந்தால் டிஎன்ஏ பரிசோதனை செய்யுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்.

சாம்பல் இன்னும் டோக்கியோவில்தான் இருக்கிறது. அனிதாவுக்கு 80 வயது கடந்துவிட்டது.