வேலி நாம்தான் போட வேண்டும்

சூது என்றதும் நமக்கெல்லாம் தருமர் ஞாபகம்தான் வரும். நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், தன்னையே வைத்தார், கடைசியில் திரௌபதியையும் வைத்தார். வள்ளுவரும் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஆகவே, "சூதாட்டம் தப்பு" என்று நான் எழுதினால், "இதைச் சொல்லவா அமெரிக்கா வரைக்கும் போய்விட்டு வந்தீர்கள்?" என்று கேட்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. சர்க்காரே அனுமதி கொடுத்து, வரியும் வாங்கிக்கொண்டு நடக்கிற சூதாட்டம், ஒரு நல்ல குடும்பத்துக்குள் எப்படி நுழைகிறது, அதை எங்கே நிறுத்தலாம் என்பதைத்தான்.

என் மகள் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் எடிசன் என்ற ஊரில் இருக்கிறாள். 2022-ல் அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்குப் போய் ஆறு மாதம் இருந்தேன். 2025-ல் மறுபடியும் போனேன்.

அந்த ஊர்க்காரர்களுக்கு விளையாட்டு என்றால் உயிர். முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த ஃபுட்பாலில் ஜயண்ட்ஸ், ஜெட்ஸ் என்று இரண்டு டீம். பெயரில்தான் நியூ யார்க். ஆடுகிற மைதானம் நியூ ஜெர்ஸியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் இருக்கிறது. ஐஸ் ஹாக்கிக்கு நியூவார்க்கில் டெவில்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தால் அந்தத் தெருவில் காக்காய், குருவிகூட நடமாடாது.

இந்த ஆட்டங்களின் மேல் பந்தயம் கட்டுவதற்கு முன்பெல்லாம் அனுமதி கிடையாது. 1992-ல் வந்த மத்திய சட்டம், நெவாடா போன்ற ஒரு சில மாநிலங்களைத் தவிர, மற்ற மாநிலங்கள் அனுமதி கொடுப்பதைத் தடுத்தது. அந்தச் சட்டத்துக்கு முன்னின்றவர் பில் பிராட்லி. ஒரு காலத்தில் பெரிய கூடைப்பந்து வீரர். அப்போது நியூ ஜெர்ஸியின் செனட்டர். அதே நியூ ஜெர்ஸிதான் பிறகு அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடியது! 2011-ல் மக்களிடம் ஓட்டு எடுத்தார்கள். பந்தயம் வேண்டும் என்றார்கள். பல வருஷம் வழக்கு நடந்து, 2018 மே 14-ந் தேதி, சுப்ரீம் கோர்ட் அந்த மத்திய சட்டமே செல்லாது என்றது. ஜூன் 14-ந் தேதி மான்மத் பார்க் என்ற குதிரைப் பந்தய மைதானத்தில் கவுண்டர் திறந்தாயிற்று.

அன்றைக்கு அப்போதைய கவர்னர் ஃபில் மர்ஃபி தாமே போய் ஆளுக்கு முன்னால் பந்தயம் கட்டினார். உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி ஜெயிக்கும் என்று ஒன்று. ஐஸ் ஹாக்கிக் கோப்பையைத் தங்கள் ஊர் டெவில்ஸ் ஜெயிக்கும் என்று இன்னொன்று. ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. டெவில்ஸுக்கும் கோப்பை கிடைக்கவில்லை. மாநிலத்தின் முதல் பந்தயக்காரரே இரண்டையும் விட்டார் என்று மாப்பிள்ளை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சர்க்காருக்கு ஏன் இந்த ஆசை என்றால், வரிதான். நம் ஊரிலும் 1968-ல் அரசாங்கமே லாட்டரிச் சீட்டு விற்கவில்லையா? "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று அப்போது எல்லோரும் சொல்வார்கள். 2003-ல்தான் தமிழ்நாட்டில் அது ஒழிந்தது.

ஆனால் நியூ ஜெர்ஸிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அதுதான் என்னை யோசிக்க வைத்தது. எந்த ஊர் டீம் மேலும் பந்தயம் கட்டலாம். ஆனால் தங்கள் மாநிலத்துக் காலேஜ் டீம்கள் மேல் கட்டக்கூடாது, தங்கள் மண்ணில் நடக்கிற எந்தக் காலேஜ் ஆட்டத்தின் மேலும் கட்டக்கூடாது என்று சட்டத்திலேயே வேலி போட்டுவிட்டார்கள். ஏனாம்? காலேஜில் ஆடுகிறவர்கள் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். பணத்தை விட்டவன் அந்தப் பிள்ளையைத் திட்டுவான். கெட்ட எண்ணம் உள்ளவன் ஆட்டத்தைத் தோற்கச் சொல்லிக் காசை நீட்டுவான். 2021 நவம்பரில் இந்த வேலியை எடுத்துவிடலாமா என்று மறுபடி ஓட்டுக்கு விட்டார்கள். நூற்றுக்கு 57 பேர் போல, கூடாது என்று சொல்லிவிட்டார்கள்! பந்தயம் வேண்டும் என்று ஓட்டுப் போட்ட அதே ஜனங்கள்தான்.

அதற்கு அடுத்த வருஷம், 2022 மார்ச்சில், நான் அங்கே இருந்தபோது ஓர் அதிசயம் நடந்தது. ஜெர்ஸி சிட்டியில் செயின்ட் பீட்டர்ஸ் என்று ஒரு சின்னக் காலேஜ். அதன் கூடைப்பந்து டீமுக்குப் பெயர் 'மயில்கள்'. தேசியப் போட்டியில் அவர்கள் பிரிவின் 16 டீம்களில் 15-ஆவது இடம். முதல் ஆட்டமே கென்டக்கி என்ற மலையோடு மோதல். மயில் ஜெயித்தது! பிறகு மர்ரே ஸ்டேட், அப்புறம் பர்டூ. கடைசி எட்டு டீம்களுக்குள் வந்துவிட்டார்கள். 15-ஆவது இடத்து டீம் அவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் தடவை. நான் பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, முருகா முருகா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆட்டத்தில் நார்த் கரோலினாவிடம் தோற்றார்கள். ஆனாலும் ஊரே கொண்டாடியது. மாப்பிள்ளை அன்றைக்குச் சொன்னார்: "அத்தை, இந்த மாநிலத்துல இந்த டீம் மேல ஒரு பைசா கட்ட சட்டம் விடாது. அதனாலதான் எல்லாரும் நிம்மதியா ரசிச்சாங்க."

ஆட்டத்தில் காசு வைத்திருந்தால் யார் ஜெயித்தார்கள் என்பது போதாது. எத்தனை பாயின்ட்டில் என்றும் பார்க்க வேண்டும். நம் டீம் ஜெயித்தும் நமக்கு நஷ்டம் வரலாம். அது என்ன ரசனை?

2025-ல் போனபோது இந்தப் பந்தயத்தின் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். மகளின் சிநேகிதி ஒருத்தி, நம் தமிழ்ப் பெண்தான். புருஷனுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். குடி இல்லை, சிகரெட் இல்லை. ஐ.பி.எல். பார்க்கும்போது ஐந்து டாலர், பத்து டாலர் என்று செல்போனில் ஆரம்பித்திருக்கிறார். நம் ஊரில் ராத்திரி ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் அங்கே காலை பத்து மணி. ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு கண் ஆட்டத்தில், ஒரு கண் பந்தயத்தில். அடுத்த ஓவரில் எத்தனை ரன் என்றுகூடக் கட்டலாமாம். ராத்திரி கூடைப்பந்து. நடுநிசியில் எந்த தேசத்திலோ நடக்கும் ஆட்டம். ஆடுகிறவன் பெயர்கூடத் தெரியாது.

"தூக்கமே இல்லம்மா அவருக்கு. பாத்ரூமுக்குக்கூட போனை எடுத்துட்டுப் போவார். கேட்டா எரிஞ்சு விழுவார்" என்றாள் அந்தப் பெண். வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்து வைத்ததில் பாதிக்கு மேல் போன பிறகுதான் பாங்க் கணக்கு அவள் கண்ணில் பட்டிருக்கிறது. அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "விட்டதைப் பிடிச்சுட்டு நிறுத்திடறேன்." அந்த நாள் லாட்டரிக்காரரும், குதிரைப் பந்தயக்காரரும் சொன்ன அதே வார்த்தை!

விட்டதைப் பிடிக்க முடியாது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இரண்டு டீமும் சரிசமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டாலர் லாபம் வேண்டுமானால் 110 டாலர் கட்ட வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம் 110, இன்னொருவர் அந்தப் பக்கம் 110 கட்டினால் கம்பெனி கையில் 220. ஜெயித்தவருக்குக் கொடுப்பது 210. யார் ஜெயித்தாலும் கம்பெனிக்கு 10. கைப்பணம் கரையாமல் இருக்கவே நூற்றுக்கு 53 தடவையாவது சரியாகச் சொல்ல வேண்டும். நான்கு ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டும் கூட்டுப் பந்தயம் இன்னும் மோசம். நான்கும் சரியாக வர 16-ல் ஒரு வாய்ப்பு. 10 டாலருக்கு நியாயமாக 160 வர வேண்டும், கிடைப்பது 133-க்குள். ஒரு கிலோவுக்குக் காசு வாங்கி 830 கிராம் நிறுத்துக் கொடுக்கிற கடைக்கு நாம் போவோமா?

இது வெறும் கெட்ட பழக்கம் அல்ல, நோய். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-லேயே இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். 2013-ல் குடி, போதை இருக்கிற அதே பிரிவில் வைத்தார்கள். ஆகவே சத்தியம் வாங்குவதும், சண்டை போட்டுத் தாய் வீட்டுக்குப் போவதும் மட்டும் போதாது.

அந்தப் பெண் கெட்டிக்காரி. அழுது முடித்த பிறகு காரியத்தில் இறங்கினாள். அந்த மாநிலத்தில் பந்தயத்தை மேற்பார்வையிடும் அலுவலகத்தில், "என்னைச் சேர்க்காதீர்கள்" என்று தன் பெயரைத் தானே எழுதிக் கொடுக்க ஒரு பட்டியல் இருக்கிறது. ஓராண்டுக்கும் கொடுக்கலாம், ஐந்தாண்டுக்கும் கொடுக்கலாம். அதன்பின் அங்கே லைசென்ஸ் உள்ள எந்தக் கம்பெனியும் அவரிடம் பந்தயம் வாங்கக்கூடாது. புருஷனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஐந்தாண்டுக்கு எழுத வைத்தாள். சட்டப்படி நடப்பதில் உள்ள ஒரே நன்மை இதுதான். திருட்டுத்தனமாக நடத்துகிற புக்கியிடம் இப்படி எழுதிக் கொடுக்க முடியுமா? சம்பளம் வருகிற கணக்கைத் தன் கைக்கு மாற்றினாள். 1957-ல் தொடங்கிய, சூதாட்டத்தை விட்டவர்களே ஒருவருக்கொருவர் உதவும் சங்கம் ஒன்று உண்டு. வாரம் ஒரு நாள் அவர் அங்கே போகிறார். கடனை யாரும் ஒரேயடியாக அடைத்துக் கொடுக்கவில்லை. அவரே மாதாமாதம் அடைக்கிறார். நான் புறப்படும்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. முழுக்க மீண்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி தூங்குகிறார், குழந்தையோடு சிரிக்கிறார்.

எங்கள் வீட்டிலும் ஒரு மாற்றம் வந்தது. மூத்த பேரனுக்கு அப்போது பத்து வயது. ஒரு நாள் சாப்பிடும்போது, "பாட்டி, இன்னிக்கு ஜயண்ட்ஸ் ப்ளஸ் எவ்வளவு தெரியுமா?" என்று கேட்டான். விளம்பரத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்! இருபத்தொரு வயது ஆனால்தான் பந்தயம் கட்டலாம் என்று சட்டம் இருக்கிறது. விளம்பரம் பார்க்க வயது ஏது? 1-800-கேம்ப்ளர் என்று உதவிக்கான போன் நம்பரைக் கடைசியில் பொடி எழுத்தில் காட்டுவார்கள். குழந்தை அதையா படிக்கும்? அன்றிலிருந்து மகள் அந்த விளம்பரம் வந்தால் சத்தத்தை நிறுத்திவிடுகிறாள். மாப்பிள்ளை 110, 100 கணக்கைப் பையனுக்கே பேப்பரில் போட்டுக் காட்டினார். "அப்போ கம்பெனி தோக்கவே தோக்காதா?" என்று கேட்டான் அவன். அதைப் புரிந்துகொண்டால் போதும்.

நம் நாட்டில் 2025-ல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக நாடாளுமன்றம் சட்டம் கொண்டு வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் சட்டம் இன்றைக்குத் தடுக்கும், நாளைக்கு விடும். நியூ ஜெர்ஸியில் இரண்டையும் பார்த்தார்கள். வீட்டில் தூக்கம் கெட்டவர் யார், போனை மறைப்பவர் யார், காரணமில்லாமல் கடன் கேட்பவர் யார் என்று முதலில் தெரிவது நமக்குத்தான். கூச்சப்படாமல் கேளுங்கள், வரவு செலவைக் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து பாருங்கள், பிள்ளைகளுக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். பந்தயத்தை வரவேற்ற மாநிலமே தன் காலேஜ் பிள்ளைகளைச் சுற்றி வேலி போட்டிருக்கிறதே, நம் பிள்ளைகளைச் சுற்றி நாம் போட வேண்டாமா? என்ன, நான் சொல்வது சரிதானே?