நீர்மட்டம் பார்த்த ஞாயிறு

ஐப்பசி மழை பிடித்து, டிவியில் எங்கள் ஊர்ச் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் எத்தனை அடி என்ற வரி ஓடத் தொடங்கினால், என் நினைப்பு லூசெர்னுக்குப் போய்விடும். சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையடியில் இருக்கிற ஊர் அது. மலைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து கிடக்கிற பெரிய ஏரி அங்கே வந்து முடிகிறது. முடிகிற இடத்திலேயே ராய்ஸ் ஆறு கிளம்புகிறது. அந்த வாய்க்கு இரண்டு பக்கமும்தான் ஊர்.

கம்பெனி வேலையாக வின்டர்தூரில் தங்கியிருந்தேன். மெஷின் ஷாப்பில் வாரம் முழுக்க வேலை. ஞாயிற்றுக்கிழமை கடைகள்கூடத் திறக்காத ஊர். காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்பிவிடலாம் என்று கூட இருந்தவர்கள் சொல்ல, லூசெர்னுக்குப் புறப்பட்டேன். வின்டர்தூர் என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலையேறுகிற நீராவி இன்ஜின்களில் பழையவை அந்த ஊர்த் தொழிற்சாலையில் செய்தவை. தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டம் வைத்து ஏறுகிற முறையும் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது. ஐரோப்பாவின் முதல் மலை ரயில் 1871இல் ஓடியது லூசெர்ன் ஏரிக்கரையில் உள்ள ரிகி மலையில். 1889இல் எதிரே உள்ள பிலாட்டஸ் மலைக்கும் போட்டார்கள். நம் ரயில் 1899இல் குன்னூரைத் தொட்டு 1908இல் ஊட்டி போய்ச் சேர்ந்தது. சின்ன வயதில் அந்த ரயிலில் போனபோது அக்கா ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை. லூசெர்ன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பிலாட்டஸை நிமிர்ந்து பார்த்ததும் முதலில் ஞாபகம் வந்தது அக்காவின் அந்தப் பிடிவாதம்தான்.

ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடையில் கபெல்பாலம். மரத்தால் ஆனது, மேலே ஓட்டுக்கூரை, ஆற்றுக்குக் குறுக்கே நேராகப் போகாமல் சாய்ந்து போகும். 14ஆம் நூற்றாண்டில் ஊர்க் கோட்டைச் சுவரின் ஒரு பகுதியாகக் கட்டினார்கள். பக்கத்தில் தண்ணீருக்குள்ளிருந்தே எழும்பி நிற்கிற எட்டுப் பட்டைக் கோபுரம். சிறையாகவும் கருவூலமாகவும் ஆவணங்கள் வைக்கிற இடமாகவும் இருந்திருக்கிறது. கூரைக்கு அடியில் முக்கோணப் பலகைகளில் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். 1993 ஆகஸ்ட்டில் ஓர் இரவில் பாலம் தீப்பற்றியது. ஓவியங்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. அடுத்த ஏப்ரலிலேயே பாலத்தைத் திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். நடந்துபோனால் புதுமரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று நிறத்தை வைத்தே தெரிகிறது.

எல்லாரும் அந்தப் பாலத்தில் நின்று படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். ஆனால் அந்த ஊரில் என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது வேறு ஒன்று. ஆற்றோரமாகக் கீழே நடந்தால், ஸ்ப்ராயர் பாலம் என்ற இன்னொரு பழைய மரப்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றின் குறுக்கே நூற்றுக்கணக்கான மரச்சட்டங்கள் செங்குத்தாக, ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. சில இடங்களில் சட்டங்களை எடுத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் தண்ணீர் சீறிக்கொண்டு போகிறது. ஊசி அணை என்கிறார்கள். 1859-60இல் கட்டியது. மலையில் பனி உருகி ஏரி ஏறும்போது ஆட்கள் போய்ச் சட்டங்களைக் கையால் உருவுகிறார்கள். வரத்து குறையும்போது திரும்பச் செருகுகிறார்கள். 114 சதுர கிலோமீட்டர் ஏரியின் மட்டத்தைக் காக்கிற வேலையில் அந்தச் சட்டங்களுக்கு இன்றைக்கும் பங்கு இருக்கிறது. அதுவும் ஊருக்கு நடுவில். ஒரு பக்கம் காபிக்கடை நாற்காலிகள், ஒரு பக்கம் தேவாலயம், நடுவில் மதகு.

அங்கே நின்றபடியே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். மலையைக் காட்டினேன், பாலத்தைக் காட்டினேன். "நல்லா கீதுப்பா" என்று மட்டும் சொன்னார். போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பியதும் அவர் குரல் மாறியது. "இன்னாடா அது, கட்டைய நட்டு அடைச்சிருக்கான்? கிட்ட காட்டு." காட்டினேன். "நம்ம கலங்கல்ல கல்லு நட்டு அடைப்பாங்களே, அதேதான். யாரு புடுங்குறது? ஆளா, மெஷினா?" ஆள்தான் என்றேன். "அப்ப செரி" என்றார். அந்தப் பதிலில் அவருக்கு என்னவோ பெரிய நிம்மதி.

அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. நம் பக்கத்துச் சிற்றேரிகளில் உபரித் தண்ணீர் வழிகிற பழைய கலங்கல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே வரிசையாகக் கல் நட்டிருக்கும். மழைக்காலம் ஓய்கிற சமயத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே களிமண்ணும் தழையும் வைத்து அடைத்து, கொஞ்சம் கூடுதல் தண்ணீர் பிடிப்பார்கள். பெருவெள்ளம் வருகிற மாதிரி இருந்தால் அடைப்பைப் பிரித்துவிடுவார்கள். எப்போது அடைப்பது, எப்போது பிரிப்பது என்பதுதான் அதில் உள்ள படிப்பு. சீக்கிரம் பிரித்தால் கோடையில் பயிர் காயும். தாமதித்தால் கரை உடையும். லூசெர்ன்காரர்கள் மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு யோசிப்பதும் அதைத்தான். செம்பரம்பாக்கத்து ஷட்டர் பக்கத்தில் நிற்கிறவர்கள் யோசிப்பதும் அதைத்தான்.

எங்கள் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, மூன்றரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே. உபரித் தண்ணீர் சிறுகளத்தூர், குன்றத்தூர் வழியாக அடையாற்றில் போய்ச் சேர்ந்து, அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை தாண்டிக் கடலுக்குப் போகிறது. ஏரிப் பக்கத்திலேயே 2007இல் வந்த சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்தம் செய்யக்கூடியது. கிருஷ்ணா தண்ணீர் பூண்டியிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. ஒரு காலத்தில் நெல்லுக்காக இருந்த ஏரி இப்போது மாநகரத்துக் குழாய்க்காக இருக்கிறது. ஆனால் பெங்களூர் ஹைவேயில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. பச்சையாக ஒரு கரை தெரியும். மேடு என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள்.

ஏரி முழுசாகத் தெரிய வேண்டுமானால் குன்றத்தூர் முருகன் கோயில் படி ஏற வேண்டும். சேக்கிழார் பிறந்த ஊர். பள்ளிக்கூட நாட்களில் நானும் அக்காவும் சைக்கிளில் குன்றத்தூர் போய், மேலே ஏறி, மேற்கே கை நீட்டி "அதோ நம்ம ஏரி" என்போம். லூசெர்னிலும் மத்தியானம் அப்படி ஏறினேன். ஊருக்குப் பின்னால் முசெக் என்று ஒரு பழைய கோட்டைச் சுவர், ஒன்பது கோபுரங்களோடு. ஒரு கோபுரத்தில் 1535இல் செய்த கடிகாரம்; ஊரில் உள்ள மற்றக் கடிகாரங்களுக்கு ஒரு நிமிடம் முன்னதாக மணி அடிக்கிற உரிமை அதற்கு உண்டு. மேலே நின்றால் ஏரி, அது ஆறாகிற இடம், பாலங்கள், ஊசி அணை எல்லாம் ஒரே பார்வையில். பக்கத்தில் ஒரு தகப்பன் தன் பெண்ணுக்கு விரலால் ஏரியிலிருந்து ஆறு வரைக்கும் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். மொழி புரியவில்லை. சொன்ன விஷயம் புரிந்தது.

2015 டிசம்பர் 1ஆம் தேதி நான் ஊரில்தான் இருந்தேன். அந்த ஒரு நாள் மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியவில்லை. காற்றில் அலை எழும்பிக் கல்லில் மோதியது. அன்று ஏரியிலிருந்து திறந்த தண்ணீர் வினாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அக்காவைக் கொடுத்திருந்தது மணப்பாக்கத்தில். ராத்திரி போன் கிடைத்தபோது, "மழ நின்னா வடிஞ்சிடும்டா" என்றாள். "அக்கா, இது மழத் தண்ணி மட்டும் இல்ல. ஏரி தொறந்திருக்காங்க. மாடிக்குப் போயிடு" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: "நம்ம ஏரியா? அது இங்க எப்படிடா வரும்?" அதற்குள் லைன் போய்விட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டார்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை. மறுபடி குரல் கேட்கும் வரைக்கும் அம்மா சோறு தொடவில்லை.

குன்றத்தூர் மலையில் என்னோடு நின்று ஏரியைக் காட்டியவள் அவள். ஏரி தெரியும். அடையாறும் தெரியும், வீட்டுக்குப் பின்னாலேயே ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வழியை யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. முசெக் கோபுரத்தில் அந்தத் தகப்பனின் விரலைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்ததற்குக் காரணம் அதுதான்.

சாயங்காலம் ஆற்றோரப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு உணவகத்தின் சமையற்கட்டுக் கதவு. வெள்ளை உடுப்போடு வெளியே வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி தமிழோ?" என்றார். கிளிநொச்சிக்காரர். சண்டைக் காலத்தில் வந்தவர்; 1983க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் வந்து இந்த நாட்டுச் சமையற்கட்டுகளில் தட்டுக் கழுவித் தொடங்கியவர்களில் ஒருவர். எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் குடிக்கிற ஏரி எங்கள் ஊரில் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. "எங்கட ஊரிலை இரணைமடுக் குளம். வான்கதவு திறக்கிறாங்கள் எண்டால் சனம் முழுக்கப் பார்க்கப் போகும். நான் அப்பான்ர தோளிலை இருந்து பார்த்தனான்." பிறகு ஊசி அணையைக் காட்டி, "வந்த புதிசிலை வேலை முடிஞ்சால் இஞ்சதான் வந்து நிப்பன். தண்ணியின்ர சத்தம் ஒண்டுதான் ஊர் மாதிரி இருந்தது" என்றார். 2005 ஆகஸ்ட்டில் இந்த ஏரியும் ஏறிக் கரையோரத் தெருக்களுக்குள் வந்ததையும் அவர்தான் சொன்னார். அதற்குப் பிறகு அணையை விரிவாக்கி, 2011இல் வேலையை முடித்தார்கள். பழைய ஊசிகளை மட்டும் எடுக்கவில்லை. புதுக் கதவுகளோடு அவையும் வேலை செய்கின்றன.

விடைபெறும்போது, "ஊருக்குப் போனால் அந்த ஏரியை எனக்காக ஒருக்காப் பாருங்கோ தம்பி" என்றார். பார்த்தேன். ஆனால் 2019 கோடையில் அப்பாவோடு பார்த்தபோது ஏரி கிட்டத்தட்ட முழுசாகக் காய்ந்திருந்தது. தரை பாளம் பாளமாக வெடித்து, மாடு மேய்ந்தது. அப்பா ஏரிக்குள் வெகுதூரம் நடந்துபோனார். தாத்தா காலத்தில் மீன் பிடித்த இடம், இன்ன மதகுக்குத் தண்ணீர் ஏறுகிற மட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்த வருஷம் நவம்பர் 25, நிவர் புயலுக்கு மழை கொட்டியபோது, ஏரி நிரம்பும்வரை காத்திராமல் 22 அடியிலேயே கொஞ்சமாகத் திறந்து, படிப்படியாகக் கூட்டினார்கள். அன்றைக்கு முதல் போன் அக்காவிடமிருந்து வந்தது. "எவ்ளோ தொறந்திருக்காங்க?" என்று கேட்டாள். கன அடிக் கணக்கில் கேட்டாள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மெரினாவைக் காட்டுகிறோம், மயிலாப்பூர் கோயிலைக் காட்டுகிறோம். செம்பரம்பாக்கத்துக்கு வருகிறவர்கள் வறுத்த ஏரி மீன் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஷட்டர் திறக்கிற நாளில் மட்டும் கூட்டம் கூடும், போலீஸ் விலக்கிவிடும். சென்னையின் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் பிள்ளைகளை ஒரு நாள் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவர வேண்டிய இடம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காலையில் கரை, மதகு, ஷட்டர். பிறகு குன்றத்தூர் மலை. அங்கிருந்து உபரிக் கால்வாயை ஒட்டியே இறங்கி அடையாறு. கடைசியில் சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம். அந்தப் பாலத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் ஒரு அளவுகோல் வேண்டும். 2015இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அதில் ஒரு சிவப்புக் கோடு வேண்டும். இதற்கு ஆகிற செலவு ஒன்றும் பெரிதில்லை. ஏரியிலிருந்து தன் தெரு வரைக்கும் தண்ணீர் வருகிற வழியை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை, வினாடிக்கு இத்தனை கன அடி என்று செய்தியில் சொல்லும்போது, எந்த மாடிக்கு, எத்தனை மணிக்குள் என்று வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்லும்.