நாமக்கல்லில் ஒரு பழைய லாரி

ஓசூரிலிருந்து சேலம் வழியாகத் தெற்கே இறங்கும் நெடுஞ்சாலையில் ஒரு விநோத வண்டியைப் பார்க்க முடியும். கேபின் இருக்காது. கதவு, பின்பக்கப் பெட்டி எதுவும் இருக்காது. எஞ்சின், ஸ்டீயரிங், நீண்ட இரும்புச் சட்டம், சக்கரங்கள், அவ்வளவுதான். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மொட்டை வெயிலில் ஒருவர் அதை ஓட்டிப் போவார். இப்போது கேபினோடு வருபவைதான் அதிகம் என்றாலும், இந்த மொட்டை சேஸ்களும் அடியோடு மறைந்துவிடவில்லை. அவற்றில் பல போய்ச் சேரும் ஊர் நாமக்கல்.

ஊருக்கு நடுவே ஒற்றைப் பாறை, அதன் தலையில் கோட்டை. கீழே மேற்கூரை இல்லாமல் வெட்டவெளியில் கைகூப்பி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர். சுற்றிலும் கோழிப்பண்ணைகள். இவை எல்லாம் சுற்றுலாக் கையேட்டிலேயே கிடைக்கும். கையேட்டில் இல்லாத நாமக்கல், ஊரை விட்டு வெளியேறும் சாலைகளின் ஓரத்தில் இருக்கிறது. வெல்டிங் பொறி பறக்கும் பாடி கட்டும் பட்டறைகள், பட்டைக் கடைகள், டயர் ரீட்ரெட் கடைகள், ரேடியேட்டர் கடைகள், தார்ப்பாய் தைப்பவர்கள், எழுத்து எழுதும் பெயின்டர்கள். ஒரு லாரிக்குத் தலை முதல் கால் வரை என்ன நோய் வந்தாலும் இங்கே வைத்தியம் உண்டு. தென் மாநிலங்களில் கேஸ் ஏற்றி ஓடும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் சங்கம்கூட இந்த ஊரிலிருந்துதான் இயங்குகிறது.

புது லாரி வாங்க ஷோரூம் போதும். பழைய லாரி வாங்கத்தான் நாமக்கல் வேண்டும். அதுவும் வாழ்க்கையில் முதன்முதலாக வாங்குபவருக்கு.

இந்த வட்டாரத்தில் அவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது: ‘டிரைவர் கம் ஓனர்’. பத்துப் பதினைந்து வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டி, படிக்காசை மிச்சம்பிடித்து, சீட்டு எடுத்து, மனைவியின் நகையை அடகு வைத்து, ஒரே ஒரு வண்டிக்குச் சொந்தக்காரர் ஆகிறவர். வண்டி நின்றால் இவருக்குச் சம்பளமும் நின்றது, தவணையும் நின்றது. பத்து லாரி வைத்திருப்பவருக்கு ஒரு எஞ்சின் போனால் நஷ்டம். இவருக்கு ஒரு எஞ்சின் போனால் வீடே ஆடிவிடும்.

அப்படி ஒருவர், மும்பை லைனில் பதினான்கு வருடம் ஓட்டியவர், மனைவியோடு வண்டி பார்க்க வந்திருந்தார். புரோக்கர் காட்டியது ஆறு சக்கர லாரி. வயது பதினொன்றரை. புதுசாகப் பெயின்ட் அடித்து, கண்ணாடிக்கு மேலே பிளாஸ்டிக் மாலை போட்டு, மணப்பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். கேட்ட விலை ஆறே முக்கால் லட்சம்.

“வண்டி கண்டிசனுங்க. ஒத்த ரூபா செலவில்லீங்க. டீசலை ஊத்தி அப்படியே ஓட்டீட்டுப் போலாமுங்க.”

கூட வந்த மெக்கானிக் பதில் பேசவில்லை. ரேடியேட்டர் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. “நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர்றோமுங்கண்ணா. அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஏற்கெனவே ஓடிச் சூடான எஞ்சின் தன் நோயைக் காட்டாது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சின் காலையில் எப்படி எழுந்திருக்கிறது என்பதில்தான் அதன் வயது தெரியும்.

மறுநாள் காலை, இரண்டாவது செல்ஃபில் பிடித்தது. மெக்கானிக் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார். ‘பேக் கம்ப்ரஷன்’ என்று பட்டறையில் சொல்கிற புகை லேசாக வந்தது. பிஸ்டன் வளையம் தேயத் தேய, எரிந்த காற்று கீழே இறங்கி இந்த வழியாக வெளியே வரும். குபுகுபுவென்று வந்திருந்தால் பேச்சே வேண்டாம், எஞ்சின் வேலைக்குத் தனியாகப் பணம் எடுத்துவைக்க வேண்டியதுதான். பிறகு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் அடித்து சேஸைப் பார்த்தார். பட்டை பிடிக்கும் இடங்களில் விரிசல் இருக்கிறதா, விரிசல் விட்ட இடத்தில் பிளேட் வைத்து வெல்டிங் செய்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்களா? புதுப் பெயின்ட் கண்ணுக்கு அழகு, மெக்கானிக்குக் கிலி. ஆறு டயரில் இரண்டுக்குப் பட்டன் சுத்தமாக இல்லை. ஸ்டெப்னி பெயருக்கு இருந்தது.

இதெல்லாம் இரும்பு. பார்க்கத் தெரிந்தவர் பார்த்துவிடுவார். முதல்முறை வாங்குபவர்கள் அடிவாங்குவது பெரும்பாலும் காகிதத்தில்தான்.

தமிழ்நாட்டு லாரிகளில் ஏன் இத்தனை பழுப்பு என்று பலருக்கும் தோன்றியிருக்கும். நேஷனல் பர்மிட் வண்டிக்குக் காய்ந்த இலையின் பழுப்பும் தடித்த வெள்ளைக் கரையும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் எழுதிவைத்த நிறம் அது. அதே விதிகள் வண்டிக்கு ஒரு வயதுக் கெடுவும் வைத்திருக்கின்றன. இரண்டு அச்சு உள்ள ஆறு சக்கர லாரிக்கு 12 வயது வரைதான் நேஷனல் பர்மிட். இந்தப் பக்கம் ‘டாரஸ்’ என்று அழைக்கப்படும் பத்துச் சக்கரம் போன்ற பல அச்சு வண்டிகளுக்கு 15 வயது வரை. பன்னிரண்டு முடிந்த மறுநாள் காலையிலும் எஞ்சின் அதே எஞ்சின்தான், போகக்கூடிய ஊர்கள்தான் குறைந்திருக்கும். மாநிலத்துக்குள் ஓடத் தடையில்லை, ஓசூரைத் தாண்ட முடியாது.

விலை விழுவது இந்த இடத்தில்தான். பெயின்டைப் பார்த்து ஆறே முக்கால் கொடுப்பவர், ஆறு மாதம் கழித்து அதே வண்டியை விற்கப் போகும்போது விஷயம் புரிந்து தலையில் கை வைப்பார்.

ஃபைலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்த மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தார். “ஏனுங்க, அப்ப இந்த வண்டி பாம்பே போகாதுங்களா?”

“ஆறு மாசம் போகும். அப்புறம் போகாது.”

“அப்ப இதையே பாருங்க.”

மெக்கானிக் சிரித்துவிட்டார். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சில் பிழையில்லை. நாமக்கல்லிலிருந்து மும்பைக்கு ஒரு வழி 1,200 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் டீசலுக்கு மட்டும் 27,600 ரூபாய். டோல் தனி. போய் இறக்கிய பிறகு ரிட்டன் லோடு கிடைக்க வேண்டும். புக்கிங் ஆபீஸ் வாசலில் மூன்று நாள் காத்திருந்தால் அந்த மூன்று நாளும் தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும். காலி வண்டியாகத் திரும்பினால் போன வாடகையும் போச்சு. சம்பள டிரைவராக இருந்தவரை இந்தக் கவலையெல்லாம் முதலாளியுடையது.

பர்மிட்டைக் காட்டி விலையை அடித்தார்கள். ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரத்தில் முடிந்தது. கையில் மூன்றரை லட்சம், மீதிக்கு ஃபைனான்ஸ். வண்டிக்கு வயது ஏற ஏற வட்டி ஏறும், தவணைக் காலம் குறையும். இவருக்கு 24 டியூ கொடுத்தார்கள்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் செய்தது ஒரு நல்ல காரியம். வண்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டு வரி, எஃப்.சி., இன்ஷூரன்ஸ் தேதிகளையும் பாக்கி அபராதங்களையும் பார்த்தார்கள். ஏதோ ஒரு செக்போஸ்ட்டில் விழுந்த அபராதம் கட்டாமல் கிடந்தது. விற்பவர் கட்டி ரசீது காட்டிய பிறகுதான் பணம் கைமாறியது. பழைய கடன் தீர்ந்ததற்கு ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம், பெயர் மாற்ற 29, 30-ஆம் படிவங்களும் கையெழுத்தாகி வந்தன. ஆர்.சி.யில் பெயர் மாற 30 நாளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிட்டால், நடுவில் ஒரு விபத்து நடந்தாலும் வழக்கு பழைய ஓனர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அந்தப் பயத்தில் விற்பவரும் அவசரப்படுத்துவார், அது நல்லதுதான்.

எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. 12 டன்னுக்கு மேல் 20 டன் வரையிலான சரக்கு லாரிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும், 2022-இல் நிர்ணயித்தபடி, வருடத்துக்கு 35,313 ரூபாய், வரி தனி. அதற்கு மேல் காலாண்டு வரி. பதினைந்து வயதைத் தாண்டினால் எஃப்.சி. கட்டணமே பல மடங்கு. வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்திருக்கச் சொன்ன மெக்கானிக்கின் பேச்சை இவர் கேட்டுக்கொண்டார். இரண்டு ரீட்ரெட் டயர், கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங் என்று முதல் வாரத்திலேயே அதில் பாதி கரைந்தது.

வேலை தேடி அலையவில்லை. நாமக்கல் கோழிகளுக்குத் தினமும் தீனி வேண்டும், தீனிக்கு மக்காச்சோளம் வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் போய் ஏற்றிக்கொண்டு துறையூர் வழியாக வந்தால் நூறு கிலோமீட்டர் சொச்சம். வாடகை பெரிதில்லை, ஆனால் மும்பை மாதிரி மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

முதல் லோடைத் தீவன மில்லில் இறக்கிவிட்டு வீடு வந்தபோது இரவு ஒன்பதே கால். தெரு குறுகல், ஒரு பக்கம் சாக்கடை. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி, கிளீனர் மாதிரியே பாடியைத் தட்டித் தட்டிக் குரல் கொடுத்தான்: “வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல ஒடி... ஹோல்டேய்ய்!”