பட்டமா, பட்டறையா?

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நம் சங்கச் செயலாளர் என் அறை வாயிலிலேயே நின்றுவிட்டார். தரையில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் விடுதி வாயிற்காவலருடைய ஸ்கூட்டரின் கார்பரேட்டர் துண்டு துண்டாகக் கிடந்தது. "பொருளாதாரம் எம்.ஏ. படிப்பவரின் அறைதானா இது?" என்றார். இதே அறைதான். மேசைமேல் இருந்த இரண்டு கடிதங்களை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இக்கட்டுரைக்குத் தலைப்பை அவரே கொடுத்திருப்பார்.

முதற் கடிதம் நாமக்கல்லிலிருந்து என் தாய்மாமா எழுதியது. சாதாரண விஷயமானால் மாமா கைப்பேசியில் பேசுவார். முக்கியமான காரியத்துக்குக் கடிதந்தான். "எனக்கு வயது அறுபத்திரண்டு ஆகிறது. காருக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. பட்டறையை நீ எடுத்துக்கொள்வதானால் வைத்திருக்கிறேன். இல்லையென்றால் இடத்தைக் கேட்டு ஒருவர் வந்து வந்து போகிறார். சித்திரைக்குள் சொல்லு கண்ணு" என்று எழுதியிருந்தார். இரண்டாவது கடிதம் என் தந்தையாருடையது. ஒரே வரி: "மாமா எழுதியிருப்பார், உன்னை டெல்லிக்கு எதற்காக அனுப்பினோம் என்பதை நினைத்துப் பார்த்துப் பதில் எழுதவும்."

எங்கள் நாமக்கல் லாரிக்குப் பேர்போன ஊர். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளின் சுத்தியல் ஓசையிலேயே நாங்கள் உறங்கிப் பழகியவர்கள். ஆகவே லாரியைக் கண்டு எந்தப் பையனும் வாய் பிளப்பதில்லை. எனக்கோ கார்மேல்தான் மோகம். மாமாவிடம் பழைய அம்பாசிடர் ஒன்று இருந்தது. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்ட அந்த வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் 1489 சி.சி. எஞ்சினில் டேப்பெட் இடைவெளியைச் சரிபார்க்கும்போது டார்ச் விளக்கைப் பிடிப்பது பத்து வயதில் எனக்குக் கிடைத்த உத்தியோகம். அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி! அந்த மெல்லிய தகடு உள்ளே நுழைந்து வெளியே வரும்போது கையில் ஒரு சிறு பிடிப்புத் தெரிய வேண்டும். அதை என் விரலுக்கு உணர்த்திய அன்று மாமாவை நான் மந்திரவாதி என்றே நினைத்தேன். கடுங்கோடையில் நடுவழியில் வண்டி நின்றுபோனால் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு நிழலில் உட்கார்ந்துகொள்வார். குழாயிலேயே ஆவியாகிப்போன பெட்ரோல் குளிர்ந்ததும் வண்டி தானே கிளம்பிவிடும்.

காருக்கு 'மகிழுந்து' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் மகிழ்பவர் ஓட்டுபவரா, பழுது பார்ப்பவரா என்று நான் அப்போது யோசித்ததில்லை.

கொங்கு நாட்டில் மோட்டார் பைத்தியம் பிடித்த பிள்ளைக்கெல்லாம் ஜி. டி. நாயுடுவின் கதையைத்தான் சொல்வார்கள். கோயமுத்தூரில் ஓட்டல் வேலை பார்த்துப் பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார், அதைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தார் என்பது வரையில் கதை சுவையாகப் போகும். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு அவர் தொழில் தொடங்கினாரே, அந்த இடம் வந்ததும் கதை சொல்பவர் வேகமாகத் தாண்டிவிடுவார். ஒருநாள் கழற்றிப் பார்ப்பது வேறு. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே நேரத்துக்கு அதே பஸ் புறப்பட வேண்டும் என்பது வேறு. இந்த வேற்றுமை எனக்குச் சென்ற கோடை விடுமுறையில்தான் புரிந்தது. புரிந்த விதத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாமாவின் பட்டறையில் ஒரு வாடகைக் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றும் வேலையை என்னிடம் விட்டிருந்தார்கள். பழைய ஆயிலை இறக்கிவிட்டு, அடியிலுள்ள டிரெயின் பிளக்கைக் கையால் திருகிப் பூட்டினேன். இனி ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயம் பார்த்துப் பட்டறைக்குள் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நுழைந்தது! 1961 முதல் சென்னையில் செய்துவந்த வண்டி. அதன் பானெட் இரு பக்க மட்கார்டுகளோடும் சேர்ந்து ஒரே பாகமாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சின் முழுவதும் முன்சக்கரங்களோடு கண்ணெதிரே நிற்கும். படத்தில் மட்டும் பார்த்திருந்தேன். ஓடினேன். கால் மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். திரும்பி வந்து வாடகைக் காருக்குப் புது ஆயிலை ஊற்றி, "முடிந்ததுங்க மாமா" என்றேன்.

அது பரமத்தி தாண்டியதும் நின்றுவிட்டது. அதிர்ச்சியில் பிளக் கழன்று விழுந்து ஆயில் முழுவதும் சாலையில் ஓடிவிட்டது. சிவப்பு விளக்கைப் பார்த்து ஓட்டுநர் நிறுத்துவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. கிராங்க் தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது நடுவில் உள்ள ஆயில் படலந்தான். அது போய்விட்டால் இரும்பு இரும்போடு உரசும். சூடேறும், பிடித்துக்கொள்ளும். எஞ்சினை இறக்கி, தண்டை லேத்துக்கு அனுப்பிக் கடைந்து, பேரிங் மாற்றிப் பூட்ட 11 நாள் ஆயிற்று. செலவு ரூ. 38,000. மாமா ஒரு காசும் அந்த ஓட்டுநரிடம் வாங்கவில்லை. அந்த 11 நாளும் அவருக்கு வருமானம் இல்லை. அவர் தினமும் காலையில் பட்டறைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மாமாவும் திட்டவில்லை. "ஹெரால்டு நல்ல வண்டிதான் மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

டெல்லிக்குத் திரும்பியும் அந்த ஸ்டூல் கண்ணை விட்டுப் போகவில்லை. நம் விசுவவித்யாலயா நிலையத்திலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிலையம் காஷ்மீரி கேட். மோட்டார் உதிரிப் பாகக் கடைகள் தோளோடு தோள் இடிக்கும் அந்த வட்டாரத்துச் சந்து ஒன்றில் வயதான சர்தார்ஜி ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அனைவருக்கும் அவர் உஸ்தாத். என் ஓட்டை இந்தியில் என் வழக்கை அவர்முன் வைத்தேன். அவர் வேலையை நிறுத்தாமலே கேட்டார்: "பேட்டா, ஒரே நாளில் மூன்று கிளட்ச் இறக்கியிருக்கிறாயா?" இல்லை என்றேன். "நேற்று ஒரு வண்டியில் ஒரு கம்பி இணைப்புத் தளர்ந்திருந்தது. கண்டுபிடிக்க நாலு மணி நேரம், சரிசெய்ய அரை நிமிஷம். நீயாக இருந்தால் என்ன கூலி கேட்பாய்?" யோசித்து, இருநூறு ரூபாய் என்றேன். உஸ்தாத் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் ஒரு வருஷத்தில் கடையை மூடிவிடுவாய். கேட்கக் கூசினால் இந்தத் தொழிலுக்கு வராதே. கூசாமல் பொய்க் கணக்குச் சொல்வதானால் அப்போதும் வராதே." உழைப்பின் விலை பற்றி நான் படித்த அத்தியாயங்களில் இந்தக் கணக்கு இல்லை.

உஸ்தாத் இன்னொன்றும் காட்டினார். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு வரும் வண்டிகளின் புகைக் குழாயிலும் எஞ்சினிலும் எத்தனையோ உணர்கருவிகள். அவற்றின் பேச்சைக் கேட்க ஸ்கேனர் வேண்டும். மாமாவைப் போல் காதை மட்டும் நம்பினால் போதாது. மின்சாரக் காரிலோ ஆயில் மாற்றும் வேலையே கிடையாது. எனக்குச் சாதகமான ஒரே செய்தி என்று இதைக் கேட்டு நான் சிரித்தேன். பிரேக்கும் சஸ்பென்ஷனும் அதிலும் தேயும் என்று அவர் திருத்தினார்.

காரை நேசிக்கிறேனா என்பதில் எனக்கு ஐயமில்லை. ஹெரால்டு மறுபடி வந்தால் மறுபடியும் ஓடுவேன். ஓடுவதற்கு முன் பிளக்கை முறுக்குவேனா என்பதே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த விபத்துக்குப் பிறகு விடுமுறையில் மீதியிருந்த நாளெல்லாம் நான் செய்தது ஆயிலும் பிரேக் கட்டையும் மாற்றுவதுதான். சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி வாரத்தில், முறுக்கிய பிளக்கை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் என் கை வெளியே வர மறுத்தது. இதை ஒரு தகுதியாக எந்த விண்ணப்பத்தில் எழுத முடியும்?

இரண்டு பதில்களையும் சென்ற வாரம் தபாலில் சேர்த்தேன். அப்பாவுக்கு: தேர்வை எழுதிப் பட்டம் வாங்குவேன், அதன் பின் ஊருக்கு வந்து ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் இரண்டு ஆண்டு படிப்பேன். பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் சேரும் படிப்பு அது. என் பக்கத்தில் உட்காரப் போகும் பிள்ளைக்கு வயது பதினாறாக இருக்கலாம். மாமாவுக்கு: இரண்டு ஆண்டு இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம், மாலையில் வந்து சில்லறை வேலைகளைச் செய்கிறேன், அதன் பின்னும் நான் லாயக்கில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் தயங்காமல் விற்றுவிடுங்கள்.

அப்பாவிடமிருந்து பதில் இல்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருப்பதாக அம்மா போனில் சொன்னார். கோபமா, வருத்தமா என்று அம்மாவாலும் சொல்ல முடியவில்லை. மாமாவின் பதில் நேற்று வந்தது. "ஸ்கேனர் அங்கே என்ன விலை என்று விசாரித்து வை. வரும்போது டிரெயின் பிளக்குக்கு வாஷர் ஒரு நூறு வாங்கிக்கொண்டு வா." வேறொன்றும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காஷ்மீரி கேட்டில் கடை இராது. சனிக்கிழமை போவதாக இருக்கிறேன். இப்போது வாயிற்காவலர் இரண்டாம் முறையாகக் கதவைத் தட்டுகிறார். எட்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் புறப்பட வேண்டுமாம். கார்பரேட்டர் இன்னும் செய்தித்தாளின்மேல்தான் கிடக்கிறது.